'தமிழ்த்தொண்டு' என்னும் திரை: தரங்கம்பாடி லுத்தரன் நூல்களை முன்வைத்து

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் 'ஐரோப்பியர் தமிழ்த்தொண்டு' என்றோ 'கிறித்தவர் வளர்த்த தமிழ்' என்றோ ஓர் இயல் தவறாது இடம்பெறும். அவ்வியலில் சீகன்பால்குவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார்; அச்சகம் நிறுவினார்; 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்; 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீனில் ஹாலே நகரில் வெளிவந்தது; 1719இல் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அடுத்த பத்தியில் பப்ரிசியஸ் வருவார், அகராதி தருவார், போய்விடுவார். மாணவர் இவ்வாண்டுகளை மனனம் செய்து தகுதித் தேர்வு எழுதுவர். அந்நூல்களில் எழுதப்பட்டிருப்பது யாது, அவற்றை யார் எதற்காகப் படித்தனர், எச்சொல்லுக்காக எவர் எவரோடு பூசலிட்டனர் என்னும் வினாக்கள் அப்பக்கத்தில் எழுவதே இல்லை.

நூல்களின் பட்டியலைக் கொண்டு நூல்களை மறைக்கும் விந்தை இது. தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் உருவான லுத்தரன் தமிழ் நூல்கள் ஒரு சமயத்தாரின் நம்பிக்கை நூல்கள். அவை ஓதப்பட்டன, பாடப்பட்டன, மனனம் செய்யப்பட்டன, மறுக்கவும் பட்டன. அவற்றை வெறும் 'முதன்மை'களின் தொகுதியாக, அதாவது முதல் அச்சு, முதல் மொழிபெயர்ப்பு, முதல் அகராதி என்று மட்டும் காண்பது ஆய்வாகாது. அது விருதுப் பட்டியல். தமிழ்த்துறைகள் அப்பட்டியலை நீட்டும் பணியை அரைநூற்றாண்டுக்கும் மேலாகச் செய்து களைத்துவிட்டன.

இப்பார்வை எங்கிருந்து வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி 1936இல் 'கிறித்தவமும் தமிழும்' எழுதியபோது அது தேவையான நூல். கிறித்தவரின் எழுத்துகள் தமிழ் இலக்கிய வரலாற்றின் புறத்தே நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், கிறித்தவர் அல்லாத ஓர் அறிஞர் அவற்றை உள்ளே கொணர்ந்தார். ஆனால், கதவைத் திறந்தவர் செய்த பணியைக் கதவு திறந்த பின்னும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பதில் பொருளில்லை. அவருக்குப் பின் வந்தோர் அவரது தொகுப்பு முயற்சியைப் பின்பற்றினர். அடுத்த படியாகிய வாசிப்பு முயற்சியை மேற்கொண்டோர் சிலரே. கிறித்தவ ஆய்வாளர்களும் தம் சமயத்தவர் தமிழுக்கு அயலார் அல்லர் என்று மெய்ப்பிக்கும் ஆவலில் 'தொண்டு' என்னும் சொல்லை விரும்பி அணிந்துகொண்டனர். தொண்டு செய்பவர் எப்போதும் வெளியிலிருந்து வருபவரே என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ்ச் சைவர் தமிழுக்குத் 'தொண்டு' செய்ததாகத் தனி இயல் எழுதும் வழக்கம் எந்த இலக்கிய வரலாற்றிலேனும் உண்டா?

சைவத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள் அறியாமல் சிவஞானபோதத்தைப் பாடம் சொல்ல எந்தத் தமிழாசிரியரும் துணியமாட்டார். திவ்வியப்பிரபந்தத்தைக் கற்பிப்பவர் சரணாகதி பற்றி ஒரு வகுப்பேனும் எடுப்பார். ஆனால், சீகன்பால்குவின் நூல்களைக் குறித்து முனைவர்ப் பட்ட ஆய்வேடு எழுதுபவர் மார்ட்டின் லுத்தர் எதற்காக உரோமைத் திருச்சபையோடு முரண்பட்டார் என்பதை ஒரு பத்தியிற்கூட விளக்க வேண்டியதில்லை என்று கருதப்படுகிறது. 1517 என்ற ஆண்டு தரப்படும், கோட்பாடு தரப்படாது. இவ்விரட்டை அளவுகோல் எவ்வளவு இழப்பை விளைவிக்கிறது என்பதை ஒரு வினைச்சொல்லை வைத்தே காட்டலாம்.

ஆக்குதலும் எண்ணுதலும்

லுத்தரன் நம்பிக்கையின் நடுநாயகமான கருத்து, மனிதன் தன் செயல்களால் அன்றி விசுவாசத்தினால் மட்டுமே கடவுள் முன்னிலையில் நீதிமானாகிறான் என்பதாகும். இங்கு 'ஆகிறான்' என்னும் சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. லுத்தரன் இறையியலார் பெரும்பாலோர் கருத்துப்படி மனிதன் நீதிமானாக 'அறிவிக்கப்படுகிறான்'. பாவியாக இருக்கும்போதே நீதிமானாக 'எண்ணப்படுகிறான்'. கத்தோலிக்க மரபோ, இறையருள் மனிதனுள் செயற்பட்டு அவனை உள்ளபடியே நீதிமானாக 'ஆக்குகிறது' என்று வலியுறுத்தியது. ஐரோப்பாவில் பல தலைமுறைகளைப் பிரித்துவைத்த இப்பூசல் குறித்து உலக லுத்தரன் பேரமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் உடன்பட 1999 வரை காத்திருக்க நேர்ந்தது.

தமிழில் இது வினைப் பாகுபாட்டுச் சிக்கல். 'ஆகு' தன்வினை, 'ஆக்கு' பிறவினை, 'எண்ணு' முற்றிலும் வேறொரு வினை. இன்று தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பெருவழக்காக உள்ள வேதாகமத்தின் உரோமர் நிருபத்தில் 'நீதிமானாக்கு' என்னும் பிறவினை வடிவமும் வருகிறது. 'நீதியாக எண்ணு' என்னும் வடிவமும் வருகிறது. ஒரே நிருபத்தில் இவ்விரண்டும் அருகருகே நிற்பது தற்செயலா, மூலமொழியின் இருவேறு சொற்களைப் பின்பற்றியதா, தமிழ் இலக்கணம் இடம்தராமையால் நேர்ந்ததா? சீகன்பால்கு தொடங்கிப் பப்ரிசியஸ், இரேனியஸ் வழியாக இவ்வினை எவ்வாறு மாறிவந்தது? தன்வினை, பிறவினைப் பாகுபாட்டில் தோய்ந்த தமிழ்த்துறை ஆய்வாளர்க்கே உரிய வினாக்கள் இவை. ஜெர்மானிய இறையியலாரால் இவற்றைக் கேட்க முடியாது. கேட்கத் தகுந்தவர்களோ அச்சகத்தின் ஆண்டைக் குறித்துக்கொண்டு அடுத்த தலைப்புக்குச் செல்கின்றனர்.

லுத்தரே இத்தகைய சொற்பூசலில் சிக்கியவர் என்பது நினைவிற்குரியது. 1522இல் வெளிவந்த தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், உரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் 'மட்டும்' என்னும் பொருள் தரும் சொல்லைக் கிரேக்க மூலத்தில் இல்லாமலேயே சேர்த்தார். எதிர்ப்பு எழுந்தது. 1530இல் மொழிபெயர்ப்புப் பற்றி அவர் எழுதிய திறந்த மடலில், ஜெர்மன் பேச்சின் இயல்பு அச்சொல்லை வேண்டுகிறது என்றார். வீட்டிலுள்ள தாயும் தெருவில் விளையாடும் சிறுவரும் சந்தையில் நிற்கும் எளியவரும் பேசுவதைக் கேட்டே மொழிபெயர்க்க வேண்டும் என்றும் வாதிட்டார். அம்மடலை ஏற்றுக்கொண்ட சபையினரின் தமிழ் நூல்கள் எந்தத் தாயின், எந்தச் சந்தையின் தமிழைக் கேட்டன என்பதே தரங்கம்பாடி உரைநடை பற்றிய முதல் வினாவாக இருந்திருக்க வேண்டும். மாறாக, 'கொச்சை நடை' என்ற ஒற்றைத் தீர்ப்பு ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டிற்குப் படியெடுக்கப்படுகிறது.

இறைவனைக் குறிக்கும் பெயருக்கும் இதே கதிதான். கத்தோலிக்க வழக்கிலிருந்த 'சர்வேசுரன்' தரங்கம்பாடியின் தொடக்க நூல்களிலும் பயின்றது. பப்ரிசியஸ் காலத்தில் 'பராபரன்' நிலைபெற்றது. 19ஆம் நூற்றாண்டில் இரேனியஸ் 'தேவன்' என்றார். 20ஆம் நூற்றாண்டுத் திருத்தங்கள் 'கடவுள்' என்றன. தாயுமானவர் பாடலில் பயிலும் ஒரு பெயரைத் தம் வேதாகமத்தில் கண்ட தஞ்சைச் சபையார் அதனைக் கைவிட மனமின்றிப் போராடியது ஏன் என்பதற்குப் பெயர்மாற்றங்களின் அட்டவணை விடை தராது.

மனப்பாடமும் பாட்டும்

லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அமைந்த நூல். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றை வினா விடையாகப் பகுத்துச் சொல்வது. சீகன்பால்கு இதனைத் தமிழாக்கினார். அன்று தொடங்கித் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் தமிழ்ச் சிறார் அதனை மனனம் செய்து வந்துள்ளனர். தமிழில் மிக நீண்ட காலம் வாய்மொழியாகப் பயின்ற உரைநடைப் பகுதிகளுள் ஒன்று இது. ஆயினும் தமிழ் உரைநடை வரலாறுகள் இதனைக் கடந்தே செல்கின்றன. காரணம், இது 'இலக்கியம்' அன்று. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணையில் மனனம் செய்யப்பட்டமையால் இலக்கியத் தகுதியை இழந்துவிட்டனவா? சீகன்பால்கு 1708இல் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். திண்ணைப் பள்ளியின் நூல்களையும் தம் ஞானோபதேசத்தையும் ஒரே காலத்தில் கையாண்ட ஒருவரின் வாக்கிய அமைப்பில் ஒன்றன் தடம் மற்றொன்றில் பதியவில்லையா என்று ஒப்பிட்டு நோக்குவது எளிய முயற்சிதான்.

ஞானப்பாட்டுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஜெர்மானியச் சபைப் பாடல்களைத் தமிழாக்கியபோது மெட்டு மாறாமல் சொல் மட்டும் மாறியது. ஜெர்மன் பாடல் அசையழுத்தத்தாலும் அசை எண்ணிக்கையாலும் இறுதி இயைபாலும் நடப்பது. தமிழ் யாப்போ குறில் நெடில் அளவாலும் எதுகை மோனையாலும் நடப்பது. இவை மோதும் இடத்தில் குறில் நீள்கிறது, நெடில் குறுகுகிறது, சொல் நடுவில் முறிகிறது. 'யாப்பு வழுவுடையன' என்று இப்பாடல்களை ஒதுக்குவோர், ஆசிரிய விருத்தத்தின் அளவுகோலால் வேறொரு பொருளை அளக்கின்றனர். நாட்டுப்புறப் பாடலை ஆராயும்போது மெட்டே யாப்பு என்று ஏற்கும் அதே துறை, கோயிலில் ஆர்கன் இசையோடு பாடும் மக்களின் பாட்டுக்கு அச்சலுகையை மறுப்பது வியப்பிற்குரியது.

தொண்டு மறைக்கும் பூசல்

'தொண்டு' என்னும் சொல் செய்யும் பெருந்தீங்கு இனிதான் வருகிறது. அது சண்டைகளை அழித்துவிடுகிறது.

வீரமாமுனிவரை எடுத்துக்கொள்வோம். தேம்பாவணி பாடத்திட்டத்தில் உண்டு. தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் உண்டு. தரங்கம்பாடியாரை எதிர்த்து அவர் எழுதிய வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகியவை பெயரளவில் சொல்லப்படும். அந்நூல்களில் அவர் லுத்தரன் கோட்பாட்டை மறுத்ததோடு அவர்தம் வேதாகமத் தமிழையும் எள்ளினார். 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஐரோப்பாவில் பிறந்த இரு திருச்சபையினர் தமிழ் வாசகரை நடுவராகக் கொண்டு தமிழ் உரைநடையில் வாதிட்டனர் என்றால், தமிழ் உரைநடை வாதத்திற்குரிய கருவியாக உருப்பெற்ற வரலாற்றில் அது முதன்மையான நிகழ்வன்றோ? ஆறுமுக நாவலரின் கண்டன நூல்களை உரைநடை வளர்ச்சியின் படிக்கல்லாகப் போற்றுவோர், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய இக்கண்டனங்களைப் பேசாமல் விடுவது ஏன்? பேசினால் வீரமாமுனிவரையும் சீகன்பால்குவையும் 'தொண்டர்' என்று ஒரே வரிசையில் அமர்த்த இயலாது என்பதுதான் காரணம்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இதனினும் கூர்மையான சான்று. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோசி மன்னருடன் பழகியவர். 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். குறவஞ்சி பற்றி ஆய்வேடுகள் குறைவில்லை. சிற்றிலக்கிய இலக்கணம் பொருந்துகிறதா, உவமைகள் எத்தனை, வடசொற்கள் எத்தனை என்று கணக்கெடுத்தாயிற்று. ஆனால் 1820களில், தஞ்சைச் சபை ஹாலே மரபினர் கையிலிருந்து ஆங்கிலத் திருச்சபையார் கைக்கு மாறிய காலத்தில், புதிதாக வந்த மிஷனெரிமாரை எதிர்த்துச் சாஸ்திரியார் எழுதியவை இவ்வாய்வேடுகளில் இடம்பெறுவது அரிது. அவர் சுமத்திய குற்றங்கள் நான்கு. பப்ரிசியஸின் வேதாகமத்தை அகற்றி இரேனியஸின் மொழிபெயர்ப்பைப் புகுத்தினர். கோயிலிலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடின்றி அமரும்படி கட்டாயப்படுத்தினர். விழாக்களில் பூமாலை கூடாது என்றனர். தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தனர்.

இந்நான்கையும் ஒருசேரப் படிக்க வேண்டும். முதற்குற்றச்சாட்டிலும் நான்காவதிலும் இன்றைய தமிழ் வாசகர் சாஸ்திரியார் பக்கம் நிற்பார்: தம் மொழியின் வேதாகமத்துக்காகவும் தம் இசைக்காகவும் அயலாரோடு மல்லுக்கு நின்ற தமிழ்ப் புலவர் அவர். இரண்டாவதில் அவர் வேளாளக் கிறித்தவரின் சாதி இருக்கைக்காக வாதாடுகிறார். இரண்டும் ஒரே மனிதரின் குரல், ஒரே சினம், ஒரே ஏடு. 'தமிழ்த்தொண்டு' என்னும் சட்டகம் முன்னதை எடுத்துப் பொன்முலாம் பூசுகிறது. பின்னதைக் கீழே போடுகிறது. விளைவாக, தமிழ்க் கிறித்தவத்தில் மொழிப்பற்றும் சாதிப்பற்றும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்னும் மிக இன்றியமையாத செய்தி தமிழ் மாணவர்க்குக் கிட்டாமற் போகிறது. டென்னிஸ் ஹட்சன் 2000இல் வெளியிட்ட ஆங்கில நூல் இப்பூசலை விரிவாக ஆராய்ந்துள்ளது. தமிழில் எழுதப்பட்ட எதிர்ப்பை அறியத் தமிழ் மாணவர் ஆங்கில நூலை நாடவேண்டியிருப்பது தமிழ்த்துறைகளுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

இதே மறைப்பு ஜெர்மானியர் திசையிலும் நிகழ்கிறது. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டவர். தமிழ் நூல் வரிசை ஒன்றைப் பதிப்பித்தவர். திருக்குறள் மொழிபெயர்ப்பு வரலாறு எழுதுவோர் எவரும் அவரை விடுவதில்லை. சாதி என்பது சமுதாய வழக்கமே ஆதலால் சபை அதனிடம் பொறுமை காட்டலாம் என்று அவர் கொண்ட நிலைப்பாடும், 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதியைச் சபையிலிருந்து முற்றும் விலக்க ஆணையிட்டதற்கு நேர்மாறாக அந்நிலைப்பாடு லுத்தரன் சபைகளில் விளைவித்தவையும் அவ்வரலாறுகளில் இல்லை. குறளை மொழிபெயர்த்தவர் குறளின் எந்தக் கருத்தைத் தம் சபைக்கு எடுத்துச் சென்றார், எதனை விட்டுச் சென்றார் என்று கேட்பது அவரை இழிவுபடுத்துவதாகாது. ஒருவரை அறிஞராக மதிப்பதற்கு இதனினும் நேரிய வழி இல்லை.

இச்சபைகளின் தமிழரைப் பற்றியும் ஒரு சொல். 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியச் சீர்திருத்தச் சபையின் முதல் சுதேச குரு, வேளாளர். தஞ்சைப் பகுதியில் சபைகளைக் கட்டியெழுப்பிய உபதேசியார் இராசநாயக்கன் பறையர் குலத்தவர். 1741இல் அடுத்த குருவைத் தேர்ந்தபோது பட்டம் தியோகுவுக்கு அளிக்கப்பட்டது, இராசநாயக்கனுக்கு இல்லை. அவர் கையால் திருவிருந்து பெறப் பிற சாதியார் தயங்குவர் என்பதே மிஷனெரிமார் கண்ட தடை. விசுவாசத்தால் மட்டுமே நீதிமான் என்று போதித்த மேடையின் முன் இத்தடை நின்றது. சீகன்பால்குவின் தமிழ்த்தொண்டு பற்றிய கட்டுரைகளில் ஆரோன் சிலவேளை ஒரு வரியாக வருவார். இராசநாயக்கன் அவ்வொரு வரியும் பெறுவதில்லை. மிஷனெரிமாரின் நூல்களைத் தமிழாக நிலைநிறுத்தியவர்கள் அவற்றை ஊரூராகச் சென்று உரக்கப் படித்துக் காட்டிய உபதேசியார்களே என்பதை மறந்துவிட்டால், எஞ்சுவது ஐரோப்பியர் வாழ்க்கைக் குறிப்பு மட்டுமே.

ஒரு மறுப்பு எழக்கூடும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறை சமயச் சார்பற்றது; இறையியலைக் கற்பிப்பது அதன் வேலையன்று; அதற்குக் குருகுலம் போன்ற இறையியல் கல்லூரிகள் உள்ளன என்பர். இம்மறுப்பு பெரியபுராணத்தின் முன் ஏன் எழுவதில்லை என்பதே முதல் விடை. இரண்டாவது விடை, கோட்பாட்டை அறிதல் வேறு, கோட்பாட்டை ஏற்றல் வேறு என்பது. சீகன்பால்கு இவ்வேறுபாட்டை அறிந்திருந்தார். தமிழ் நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்து 1708இல் அவற்றுக்குக் குறிப்புரையுடன் பட்டியல் எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி விரிவான நூலொன்றை முடித்து ஹாலேவுக்கு அனுப்பினார். மிஷனெரிமார் அனுப்பப்பட்டது அஞ்ஞானத்தை ஒழிக்கவே, அதனை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்று கருதிய பிராங்கே அதனை அச்சிடவில்லை. 1867இல்தான் அந்நூல் சென்னையில் வெளிவந்தது. தாம் ஏற்காத சமயத்தின் நூல்களை ஏடு ஏடாகப் படித்த ஒருவரின் நூல்களை, அவருடைய சமயத்தை அறியவே தேவையில்லை என்று கூறும் துறையினர் படிக்கும் முறை, பிராங்கேயின் முறைக்கே நெருக்கமானது.

செய்யத்தக்கவை வெளிப்படையானவை. 1715, 1772 ஆகிய ஆண்டுகளின் புதிய ஏற்பாடுகளையும் பின்வந்த இரேனியஸின் பதிப்பையும் ஒரு நிருபத்தளவிலேனும் வரிக்கு வரி ஒப்பிடும் பதிப்பு வேண்டும். கண்டன நூல்கள் உரைநடை வரலாற்றுத் தாளில் இடம்பெற வேண்டும். சாஸ்திரியாரின் எதிர்ப்பு எழுத்துகள் குறவஞ்சியோடு சேர்த்தே பாடமாக வேண்டும். ஹாலேயில் 1710 முதல் அச்சான அறிக்கைத் தொகுதிகள் இன்று மின்வடிவில் எவருக்கும் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள தமிழ் உபதேசியார்களின் செய்திகளைத் தேடியெடுக்க, ஜெர்மன் மொழி அறிந்த தமிழ் ஆய்வாளர் இருவரோ மூவரோ போதும். அவர்களைப் பயிற்றுவிக்கும் செலவு, ஒரு முந்நூறாம் ஆண்டு விழா மலருக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.